நிறம் போன பிறகு அளக்க வேண்டியது

தலைமையேற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்னிலை வகிக்கும் சாயப்பட்டறை உரிமையாளர்களே, நொய்யல் கரையிலிருந்து வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, பொது சுத்திகரிப்பு நிலையத்தில் இரவுப் பணி முடித்து நேராக இங்கே வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். அழைத்துப் பெருமைப்படுத்திய நுண்ணுயிரியல் துறைக்கும், எனக்குப் போர்த்திய துண்டைத் தறியில் நெய்த கைகளுக்கும் நன்றி.

சாயக்கழிவில் பாக்டீரியா செய்வது என்ன, செய்யாமல் விடுவது என்ன, சாயம் ஏற்றச் சேர்க்கும் உப்பை என்ன செய்வது என்று மூன்று செய்திகளைப் பேச வந்தேன். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை. இன்றும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

திருப்பூர்ப் பின்னலாடைக்கு ஏற்றும், பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பில் சேரும் ரியாக்டிவ் சாயத்தில் ஒரு பகுதி துணியில் பிடிக்காமல் தண்ணீரோடு போய்விடுகிறது. இவற்றில் பெரும்பாலானவை அசோ சாயங்கள். இரண்டு நைட்ரஜன் அணுக்களை இணைக்கும் இரட்டைப் பிணைப்பே அவற்றின் நிறத்துக்கு ஆதாரம். ஆக்சிஜன் இல்லாத தொட்டியில், தின்பதற்கு வேறு கரிமப்பொருளும் கிடைத்தால், சூடோமோனாஸ், பேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள் அசோரிடக்டேஸ் என்ற நொதியால் அந்தப் பிணைப்பை அறுத்துவிடுகின்றன; நிறம் போய்விடுகிறது.

ஒரு கல்லூரிக் கண்காட்சியில் மாணவி ஒருத்தி இரண்டு குடுவைகளை வைத்திருந்தாள். ஒன்றில் பீட்ரூட் சாறு போன்ற சாயநீர். மற்றொன்றில் அதே நீர், பாக்டீரியா இட்டு மூடி வைத்ததால் வெளிறிப்போயிருந்தது. பார்த்தவர்களெல்லாம் கைதட்டினார்கள். நொய்யலின் குறுக்கே அணை உள்ள ஒரத்துப்பாளையம் பக்கத்துப் பெரியவர் மட்டும் குடுவையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார், மூடியைத் திறந்து முகர்ந்தார், பிறகு, "செவப்பு போயிருச்சு, செரி கண்ணு. என்ற மாடு இதைக் குடிக்கலாமா?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை தன் ஆசிரியரைப் பார்த்தாள். ஆசிரியர் என்னைப் பார்த்தார். "குடிக்கக் கூடாதுங்க" என்றேன். "அப்ப எதுக்குக் கண்ணு கைதட்டுனீங்க?" என்றார். கூட்டம் அடங்கிவிட்டது.

அவர் கேட்டதுதான் நான் சொல்ல வந்த இரண்டாவது செய்தி. பிணைப்பு அறுந்ததும் அரோமேட்டிக் அமின்கள் என்ற, நைட்ரஜன் கொண்ட வேதிப்பொருள்கள் பிறக்கின்றன. அவற்றுக்குப் பெரும்பாலும் நிறமில்லை, ஆனால் சில புற்றுநோய் உண்டாக்குபவை. ஆகவே அடுத்த தொட்டியில் காற்றூட்டி, வேறு பாக்டீரியாக்களைக் கொண்டு அவற்றையும் சிதைக்க வேண்டும். சல்போனேற்றம் பெற்ற, அதாவது கந்தகமும் ஆக்சிஜனும் கொண்ட தொகுதி சேர்ந்த, அமின்களில் சில அதற்கும் எளிதில் மசிவதில்லை.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளின் நெடிய வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது அந்தப் போராட்டம்தான். ஆனால் ஆற்றில் போடாவிட்டாலும் அளந்தாக வேண்டும். நிறத்தையும் உப்பையும் அளப்பது போல, பாக்டீரியாத் தொட்டியிலிருந்து வெளிவரும் அமின்களையும் அளந்து, அந்தக் கணக்கை ஒவ்வொரு நிலையத்தின் வாயிலிலும் தமிழில் எழுதி வைக்க வேண்டும். ஊர் ஊராகப் போய் நான் கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான். உப்பைப் பற்றிப் பேசப் பொழுதில்லை. முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கோரிக்கை மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. பட்டறை உரிமையாளர்கள் முதலில் கையெழுத்திட்டால் விவசாயிகளும் மகிழ்ந்து பின்தொடர்வார்கள்.