ஆட்டம் சமனில் நின்றால் கோப்பை யாருக்கு?

வணக்கம் நேயர்களே. ஐரோப்பிய நாடுகளுக்கான கால்பந்துக் கோப்பையில் இன்று 24 அணிகள் மோதுகின்றன. 1960-ல் பிரான்சில் நடந்த முதல் இறுதிச் சுற்றில் நான்கே அணிகள்தான். இந்தக் கோப்பையின் வரலாற்றில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். வழக்கமான 90 நிமிடமும் கூடுதல் நேரமான 30 நிமிடமும் சேர்த்து 120 நிமிடம் ஆடியும் கோல் கணக்கு சமமாக நின்றால் என்ன செய்வது?

1968 ஜூன் 5, நேப்பிள்ஸ் நகரம். இத்தாலிக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் அரையிறுதி. கூடுதல் நேரம் முடிந்தும் ஒரு கோல்கூட விழவில்லை. இறுதி ஆட்டத்துக்கு மூன்றே நாள் இருந்ததால் மறுஆட்டம் வைக்க இடமில்லை. நாணயத்தைச் சுண்டினார்கள். இத்தாலியின் கேப்டன் ஃபக்கெட்டி பூவா தலையாவில் ஜெயித்தார். சோவியத் அணி, தோற்காமலே வெளியேறியது. இறுதி ஆட்டமும் 1-1. அதற்கு மறுஆட்டம் உண்டு. இரண்டே நாள் இடைவெளியில் இத்தாலி ஐந்து புதிய வீரர்களை இறக்கியது. களைத்துப்போன யூகோஸ்லாவியா 2-0 என்று தோற்றது. மறுஆட்டமும் முழு நியாயமல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதில் ஜெயித்தது திறமை மட்டுமல்ல, ஓய்வெடுத்த கால்களும்தான்.

1970-ல் பெனால்டி முறை, அதாவது கோல்கீப்பரை மட்டும் எதிரே நிறுத்தி இரு அணியும் மாறிமாறிப் பந்தடிப்பது, விதிப்புத்தகத்தில் ஏறியது. 1976-ல் பெல்கிரேடில் நடந்த இறுதி ஆட்டத்தில் செக்கோஸ்லோவாக்கியாவும் மேற்கு ஜெர்மனியும் 2-2. பெனால்டிக்குப் போனார்கள். ஜெர்மனியின் ஹோனஸ் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. அடுத்து வந்தவர் செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா. ஓடிவந்த வேகத்தைப் பார்த்து ஜெர்மனியின் கோல்கீப்பர் மையர் ஒரு பக்கமாகப் பாய்ந்தார். பனென்கா பந்தின் அடியில் காலை விட்டு மெதுவாகத் தூக்கினார். மையர் காலி செய்த நடுவிடத்தில் பந்து இறங்கியது. கோல்கீப்பர் முந்திக்கொண்டு பாய்ந்தால்தான் இது பலிக்கும். அசையாமல் நின்றால் கையில் போய் விழும்.

பெனால்டியைத் தவிர்க்க, கூடுதல் நேரத்தில் முதலில் கோல் போட்டவருக்கே வெற்றி என்னும் தங்க கோல் வந்தது. 1996-ல் ஜெர்மனியின் பியர்ஹோஃப், 2000-ல் பிரான்சின் ட்ரெஸகே, இரண்டு இறுதி ஆட்டங்களை அப்படி முடித்தார்கள். ஆனால் ஒரு தவறுக்குப் பதிலடி கொடுக்க வழியே இல்லை என்றால் யார் முன்னேறி ஆடுவார்கள்? தடுப்பாட்டமே மிஞ்சியது. 2004-ல் வெள்ளி கோல்: கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடிவில் முன்னிலை பெற்றவருக்கு வெற்றி. அரையிறுதியில் அந்தப் பாதியின் கடைசி நொடிகளில் கார்னரில் வந்த பந்தைக் கிரீஸின் டெல்லாஸ் தலையால் அடித்தார். செக் அணிக்குத் திருப்பி அடிக்க நேரமே இல்லை. எந்தக் குறையைத் தீர்க்க இந்த விதி வந்ததோ, அதே குறை! அதோடு இரண்டு முறைகளும் ஒழிந்தன.

எஞ்சியது பெனால்டிதான். பந்துக்கும் கோலுக்கும் தூரம் 11 மீட்டர், கோலின் அகலம் 7.32 மீட்டர். எந்தப் பக்கக் கோல் என்பதற்கு ஒரு டாஸ், முதலில் யார் அடிப்பது என்பதற்கு இன்னொன்று. உதைக்கும் கணத்தில் கோல்கீப்பரின் ஒரு பாதமாவது கோல் கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். கூடுதல் நேரம் முடிகையில் ஆட்டத்தில் இருந்தவர்களே அடிக்கலாம். அதனால்தான் 2021 ஜூலை 11 அன்று லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் இத்தாலியுடன் நடந்த இறுதி ஆட்டத்தில், கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் இங்கிலாந்து இறக்கியது. கால் சூடேறாமல், பந்தோடு பழகாமல் இப்படி வருபவரை அடிக்கவிடுவது தவறான கணக்கு என்பது என் கருத்து. ராஷ்ஃபோர்டின் பந்து கம்பத்தில் பட்டது. சாஞ்சோவின் பந்தையும் சாக்காவின் பந்தையும் இத்தாலியின் கோல்கீப்பர் டொன்னரும்மா தடுத்தார். 1968-க்குப் பிறகு இத்தாலி இந்தக் கோப்பையைத் தூக்கியது அன்றுதான்.