விந்துப் பரிசோதனையும் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும்

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, அலுவல்களுக்கிடையே வருகை தந்துள்ள நகர்மன்றத் தலைவர் அவர்களே, என்னைத் தகுதிக்கு மீறிப் புகழ்ந்த செயலாளர் அவர்களே, ஆய்வக நுட்புநர்களே, வணக்கம்.

விந்தணுக்களை எண்ணுதல், அசைவைக் கணித்தல், ஆய்வகத் தரத்தைச் சோதித்தல் என மூன்று செய்திகளைப் பேச வந்துள்ளேன். ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பார்கள். நுண்ணோக்கியில் காண்பதற்கும் அது பொருந்தும். உலக சுகாதார நிறுவனம் 1980இல் முதன்முதலாக வெளியிட்ட விந்துப் பரிசோதனைக் கையேடு, 2021இல் ஆறாம் பதிப்பைக் கண்டது. ‘நியூபவர் எண்ணும் அறை’ எனப்படும், கட்டங்கள் பொறித்த கண்ணாடித் தகட்டில் இருமுறை, முறைக்கு 200 அணுக்களுக்குக் குறையாமல் எண்ணி, இரண்டும் ஒத்துவந்தால்தான் எழுத வேண்டும் என்கிறது அது. நம்மில் சிலரோ ஒரு சொட்டைச் சாதாரணத் தகட்டில் வைத்து, ‘சுமார் 20 மில்லியன்’ என்று கையெழுத்திட்டுவிடுகிறோம். மில்லி லிட்டருக்கு 16 மில்லியன் என்ற கீழெல்லையும், ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களில் கடைசி 5 விழுக்காட்டினரைப் பிரிக்கும் கோடே தவிர, மலட்டுத்தன்மைக்கான தீர்ப்பு அன்று.

அசைவுக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வகத்தில், இங்கே இடமில்லை, மாதிரியை வீட்டிலேயே எடுத்து வாருங்கள் என்று ஓர் இளைஞரை அனுப்பிவிட்டார்கள். அவருடைய மைத்துனர், ‘பால் மாதிரி கெட்டுப்போகும் மாப்பிள்ளை’ என்று சொல்லி, புட்டியைப் பனிக்கட்டியோடு டிபன் பாக்ஸில் வைத்துக் கொடுக்க, இரண்டு பேருந்து மாறி வந்தவரிடம் நடத்துநர், ‘மடியில் என்ன சார், தண்ணீர் ஒழுகுகிறதே?’ என்று கேட்க, அவர் ‘மருந்து’ என்றாராம். ‘பார்த்துக் கொண்டுபோங்கள், யாருக்கு உடம்பு சரியில்லையோ’ என்று நடத்துநர் தம் இருக்கையையே கொடுத்தாராம்! பனிக்கட்டிக் குளிரில் அணுக்கள் முடங்கிப்போக, அறிக்கையில் ‘அசைவு இல்லை’ என்று வந்தது. வீட்டில் மறுமணப் பேச்சே எழுந்தது. பின்னர் வேறோர் ஆய்வகத்தில், அங்கேயே எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் 37 டிகிரியில் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்ட அணுக்கள் நீந்தின. தீர விசாரிப்பதே மெய்.

தலைவர் மணி அடித்துவிட்டார், தரச்சோதனையை விட்டுவிடுகிறேன். கழிப்பறை மூலையில் நின்றுகொண்டு, வெளியே கதவு தட்டுபவருக்குப் பயந்து, பாதி சிந்திப் பாதி கொடுக்கும் மாதிரியை எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது. ஆகவே முதல்வர் அவர்கள் மேடையில் இருக்கும்போதே கேட்கிறேன்: ஆய்வகத்தை ஒட்டி, உடைந்த நாற்காலிகள் அடைத்துக் கிடக்கும் அறையைக் காலிசெய்து தாருங்கள். உள்தாழ்ப்பாள், கைகழுவும் தொட்டி, ஒரு விளக்கு போதும். கதவில் பெயர்ப்பலகை மட்டும் வேண்டாம். நன்றி, வணக்கம்.