திறமை இருந்தது, விதி விட்டதா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பெண் தூதர்கள் உச்சத்தைத் தொட்டது திறமையாலா, போராட்டத்தாலா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் 1996-இல் ஜெனீவாவில் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தை எதிர்த்து நின்ற இந்தியத் தூதர் அருந்ததி கோஷைக் காட்டி, "திறமையே" என்று முழங்கினார். அந்த உறுதியை நானும் வணங்குகிறேன். ஆனால், திறமை மட்டும் போதும் என்றால் சி.பி. முத்தம்மா ஏன் உச்ச நீதிமன்றப் படியேறினார்?

குடகில் பிறந்து, சென்னையில் படித்து, 1949-இல் வெளியுறவுப் பணிக்குள் நுழைந்த முதல் பெண் அவர். 1970-இல் ஹங்கேரிக்குத் தூதரானார். அப்படிப்பட்டவருக்கு அடுத்த நிலைப் பதவி உயர்வு வந்தபோது, தகுதி போதாது என்று ஒதுக்கினார்கள். வழக்குத் தொடுத்தார். சில மாதங்களிலேயே தகுதி வந்துவிட்டது! நெதர்லாந்துக்குத் தூதராக அனுப்பினார்கள். அந்தச் சில மாதங்களில் அவர் புதிதாக என்ன படித்துத் தேறினார், ஐயா?

அன்றைய விதிகளைக் கேளுங்கள். பெண் அதிகாரி மணம் செய்யுமுன் அரசிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலையைக் கெடுக்கும் என்று அரசு கருதினால், மணமான பின் ராஜினாமா செய்யச் சொல்லலாம். மணமான பெண்ணுக்கு இப்பணியில் நியமனம் கோரும் உரிமையே கிடையாது. இந்தக் கடைசி விதி 1973 நவம்பரில் நீங்கியது. அனுமதி விதியோ 1979-இல் வழக்கு விசாரணைக்கு வந்தபோதுதான், 'இதோ நீக்குகிறோம்' என்ற அரசின் வாக்குமூலத்தோடு விடைபெற்றது. வழக்கு இல்லாவிட்டால் அந்த 'இதோ' எப்போது வந்திருக்குமோ!

"மனு தள்ளுபடிதானே ஆனது?" என்று எதிரணியில் ஒருவர் மடக்கினார். ஆம், கேட்ட பதவி கைக்கு வந்துவிட்டதால் தள்ளுபடி. ஆனால் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், மனுவைத்தான் தள்ளுகிறோம், பிரச்சினையை அல்ல என்றார். குடும்பச் சுமை ஆண் அதிகாரிக்கும் வரலாமே என்று கேட்டார். முத்தம்மாவின் பணி மூப்பை மறுபரிசீலனை செய்யவும் சொன்னார்.

2001-இல் சோகிலா ஐயர் முதல் பெண் வெளியுறவுச் செயலாளரானார். 2009-இல் நிருபமா ராவ் அப்பதவிக்கு வந்தார், மணமானவர், தாய். பழைய விதிப்படி, நாளை ராஜினாமா கொடு என்று அவரிடம் சொல்லியிருக்கலாம்.

எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் எனக்கு ஒன்றே ஒன்று சொல்லட்டும்: மணம் முடிக்க அனுமதிக் கடிதம் கேட்டு நின்ற ஆண் தூதர் ஒருவரின் பெயர்.