பிப்ரவரி 15, பீச் ரோட்டில் நான் வைத்த மலர்வளையம்

சீருடையை இன்னும் மாற்றவில்லை. மாற்றினால் பாதி மறந்துவிடுமோ என்று அப்படியே உட்கார்ந்து பேசுகிறேன். இந்த நாளை நினைவுகூர மாலை 6.20க்கு அபாயச் சங்கு ஒலிக்கும், அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

1942ல் இதே நாளில்தான் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. வருஷா வருஷம் பீச் ரோடு போர் நினைவுப் பூங்காவில் அஞ்சலி நடக்கும். இந்த முறை எங்கள் பெண் சாரணியர் குழு சார்பில் போனது நான்.

அங்கே நினைவுச்சின்னமாக நிற்கும் நான்கு வெள்ளைத் தூண்களைப் பேருந்திலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். 'சாப்ஸ்டிக்ஸ்' என்றுதானே சொல்வோம்? அவற்றுக்கு அடியில் 606 தாழிகள் இருக்கின்றன. 1962ல் இங்கே சிக்லாப் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து, ஜப்பானியர் கொன்ற பொதுமக்களின் எலும்புகள் கிடைத்தன. அப்புறம் பல இடங்களில் தேடி எடுத்துச் சேர்த்து வைத்தார்கள். எது யாருடையது என்று பிரிக்கவே முடியாது.

மலர்வளையம் நல்ல கனம். கம்பி உள்ளங்கையில் அழுந்த, பூவிலிருந்த தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. துடைக்க முடியாது, எல்லாரும் பார்க்கிறார்கள். அட்டையில் எங்கள் அமைப்பின் பெயர். குனிந்து வைத்தபோது என் மனதில் இருந்தது வேறு ஒருவர்.

என் கொள்ளுப்பாட்டியின் சித்தப்பா. ஜொகூர் தோட்டத்திலிருந்து அவரை ஜப்பானியர் சயாம், அதாவது தாய்லாந்து, ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். மலாயாவிலிருந்து அப்படிப் போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில். அவர் திரும்பவே இல்லை. செத்த நாள் தெரியாததால் திதி கொடுக்க முடியாமல், ஆடி அமாவாசையில்தான் இன்றும் வீட்டில் அவருக்குப் படைக்கிறோம்.

நிகழ்ச்சி முடிந்து நினைவுச்சின்னத்தைச் சுற்றி வந்தேன். சீனம், மலாய், ஆங்கிலத்தோடு தமிழிலும் பொறித்திருக்கிறது. அந்தத் தமிழ் எழுத்துகளைப் பார்த்த பிறகுதான் அழுகை வந்தது.

ஒத்திகையில் எங்களுக்கு எத்தனை அடி நடப்பது, எப்போது வணக்கம் வைப்பது என்று சொல்லித்தந்தார்கள். அந்தத் தாழிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நானாகப் படித்துக்கொண்டு போனேன். அடுத்த வருஷம் போகும் தங்கைகளை முந்தின வாரமே அங்கே கூட்டிப்போய், தூண்களுக்கு அடியில் நிற்கவைத்து நானே சொல்லப்போகிறேன்.

ஆ, கேட்கிறதா? சங்கு. சரி, ஒரு நிமிஷம், எழுந்து நிற்கிறேன்.