கடைக் கோழியில் மருந்துக்கு அடங்காத கிருமி: கண்காணிப்பது எப்படி?

[திரையில்: அடுக்கி வைத்த முட்டைகள். மேலிருந்து வரிசையாக இறங்கும் ஊசிகள்]

குஞ்சு இன்னும் பொரியவில்லை. அதற்குள் ஆன்டிபயாடிக் ஏறிவிட்டது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், குஞ்சுக்கு ஈ.கோலை தொற்று வராமலிருக்க, பொரிப்பகங்களில் முட்டைக்குள்ளேயே செஃப்டியோஃபர் மருந்தை ஊசியாகப் போட்டார்கள். அது கால்நடை மருந்து. ஆனால் நமக்குப் போடும் செஃப்ட்ரையாக்சோனுக்கு நெருங்கிய உறவு. கோழி இறைச்சி வழியாகவும் நமக்கு வரும் குடல் கிருமி சால்மோனெல்லா. ஒரு மருந்துக்கு அடங்காத சால்மோனெல்லா பெரும்பாலும் மற்றதற்கும் அடங்காது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சால்மோனெல்லா இரத்தத்தில் கலந்துவிட்டால் டாக்டர்கள் எடுக்கும் முக்கியமான மருந்து செஃப்ட்ரையாக்சோன்.

முட்டையில் போட்ட ஊசிக்கும் மனிதர்களின் நோய்க்கும் உள்ள இந்தத் தொடர்பைப் பிடித்துக் காட்டியது, கடையில் விற்ற கோழி இறைச்சி.

[திரையில்: குளிர்பெட்டியில் இறைச்சிப் பொட்டலங்கள்]

அமெரிக்காவில் நார்ம்ஸ் என்ற கண்காணிப்புத் திட்டம் 1996இல் தொடங்கியது. 2002இல் கடை இறைச்சியும் அதில் சேர்ந்தது. வேலை, சாதாரணமாகக் கடைக்குப் போய் இறைச்சி வாங்குவதில் ஆரம்பிக்கிறது. வாங்கிய தேதி, கடை, லேபிளில் உள்ள ஆலை எண், எல்லாம் குறித்தாக வேண்டும். பொட்டலம் பனிக்கட்டியோடு ஆய்வகம் போகும். ஆனால் உறையக் கூடாது. உறைந்தால், கோழியில் தேடும் இன்னொரு வயிற்றுப்போக்குக் கிருமியான கேம்பிலோபேக்டரில் பெரும்பகுதி செத்துவிடும். "கிருமி இல்லை" என்று பொய் முடிவு வரும்.

அங்கே இறைச்சியைக் கிருமி நீக்கிய பையில் போட்டு, 250 மில்லிலிட்டர் பெப்டோன் நீர் (கிருமியைச் சாகாமல் காக்கும் ஊட்ட நீர்) ஊற்றிக் குலுக்குவது நார்ம்ஸ் பின்பற்றிய முறை. கழுவிய நீரில் 50 மில்லியை இரட்டைச் செறிவுள்ள ஊட்டக் கரைசல் 50 மில்லியோடு கலக்கிறார்கள். ஏன் இரட்டை? சமமாகக் கலந்தால் செறிவு பாதியாகும், சரியான அளவுக்கு வந்து நிற்கும். கேம்பிலோபேக்டருக்கு இது மட்டும் போதாது. 42 டிகிரி சூடும், 5 சதவீத ஆக்சிஜன் மட்டுமே உள்ள காற்றும் வேண்டும். நாம் மூச்சுவிடும் சாதாரணக் காற்றில் அது வளராது.

சால்மோனெல்லா, எக்ஸ்எல்டி என்ற கிருமி வளர்ப்புத் தட்டில் சிவப்பாக, நடுவில் கறுப்புப் பொட்டோடு தெரியும். கந்தக வாயு உண்டாக்கும் வகைகளுக்குத்தான் அந்தக் கறுப்பு. பொட்டு இல்லாததை ஒதுக்கிவிட்டால் சில உண்மையான சால்மோனெல்லாவும் கைநழுவிப் போகும்.

[திரையில்: 96 குழித் தட்டு, மிக அருகில்]

இதுதான் முக்கியமான தட்டு. ஒவ்வொரு மருந்தும் குழிக்குக் குழி இரண்டு மடங்காகக் கூடும்: மில்லிலிட்டருக்கு 0.25, 0.5, 1, 2, 4 மைக்ரோகிராம் என்று. எல்லாவற்றிலும் ஒரே அளவு கிருமி. 35 டிகிரியில் ஏறத்தாழ 18 மணி நேரம் கழித்துப் பார்த்தால், சில குழிகளின் அடியில் வெள்ளைப் பொட்டு படிந்திருக்கும்: அங்கே கிருமி வளர்ந்திருக்கிறது. பொட்டே இல்லாத முதல் குழியின் அளவைத்தான் எம்ஐசி என்கிறோம். செஃப்ட்ரையாக்சோனுக்கு அது 4 அல்லது அதற்கு மேல் என்றால் சால்மோனெல்லா எதிர்ப்புள்ளது என்று பதிவாகும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு, கிருமியைக் கூடுதலாகப் போட்டுவிடுவது. மருந்து போதாமல், அடங்கும் கிருமிகூட எதிர்ப்புள்ளது போலத் தெரியும். அதனால்தான் ஏடிசிசி 25922 என்ற தெரிந்த ஈ.கோலையையும் கூடவே சோதிக்கிறார்கள். செஃப்ட்ரையாக்சோனுக்கு அதன் எம்ஐசி 0.03 முதல் 0.12க்குள் வர வேண்டும். வரவில்லையென்றால் அன்றைய முடிவுகளை ஏற்கக் கூடாது, எவ்வளவு அவசரமானாலும்.

இனி எண்ணைப் படிப்பது. செய்திகளில் அதிகம் குழம்புவது இங்கேதான். "சால்மோனெல்லாவில் 30 சதவீதம் எதிர்ப்புள்ளது" என்றால், 100 பொட்டலத்தில் 30 என்று பொருள் இல்லை. 100 பொட்டலத்தில் 10இல் சால்மோனெல்லா, அதில் 3 எதிர்ப்புள்ளது என்றால் கடைக்காரர் தரும் பொட்டலத்தில் அது இருக்க வாய்ப்பு 3 சதவீதம். அதே போல, ஊட்டக் கரைசலில் முதலிலேயே ஆன்டிபயாடிக் கலந்து தேடினால் எதிர்ப்புள்ளவை மட்டுமே மேலே வரும். அந்த எண்ணை மருந்து கலக்காமல் தேடிய எண்ணோடு ஒப்பிடவே கூடாது. ஆண்டுதோறும் ஒரே முறை, ஒரே வகை இறைச்சி: இதில் பிடிவாதம் வேண்டும்.

[திரையில்: கியூபெக் வரைபடம், இறங்கும் கோடு]

அந்தப் பிடிவாதம் கியூபெக்கில் பலன் தந்தது. கனடாவின் சிபார்ஸ் திட்டம் கடைக் கோழியையும் நோயாளிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இரண்டிலும் எதிர்ப்பு சேர்ந்தே ஏறியது. 2005 தொடக்கத்தில் பொரிப்பகங்கள் தாமாகவே ஊசியை நிறுத்தின. சால்மோனெல்லா ஹைடல்பெர்க் வகையில் செஃப்டியோஃபர் எதிர்ப்பு, கடைக் கோழியில் 2004இல் 62 சதவீதமாக இருந்தது 2006இல் 7ஆகவும், மனிதர்களில் 36இலிருந்து 8ஆகவும் இறங்கியது. 2007இல் ஊசி ஓரளவு திரும்பி வந்ததும் இரண்டும் மறுபடி ஏறின. 2014இல்தான் கனடாவின் கோழி வளர்ப்போர், மனித மருத்துவத்துக்கு மிக முக்கியமான ஆன்டிபயாடிக்குகளைத் தடுப்புக்காகக் கொடுப்பதை முழுதாக விட்டார்கள்.