மானாமதுரைச் சந்திப்பு: வண்டி மாறும் ஊர்

மதுரை வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

மதுரையில் ராமேசுவரம் வண்டியில் ஏறிக் கிழக்கே புறப்பட்டால், சிலைமான், திருப்புவனம், திருப்பாச்சேத்தி என்று வைகைக் கரையை ஒட்டிய ஊர்களைக் கடந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மானாமதுரைக்கு வந்துவிடலாம். மண்பாண்டத்துக்கும் கடத்துக்கும் பேர்போன இந்த ஊர் அண்மைக் காலம் வரை பேரூராட்சியாக இருந்தது. இன்றும் பத்து நிமிட நடையில் வயல்வெளி வந்துவிடும். ஆனாலும் இங்கிருந்து நான்கு திசைகளுக்குத் தண்டவாளம் பிரிகிறது. ஒன்று மதுரைக்கு, ஒன்று ராமேசுவரத்துக்கு, ஒன்று சிவகங்கை, காரைக்குடி வழியாகத் திருச்சிக்கு, ஒன்று நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வழியாக விருதுநகருக்கு. இத்தனை சிறிய ஊருக்கு இத்தனை பெரிய நிலையம் எதற்கு என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. இந்த நிலையம் மானாமதுரைக்காரர்களுக்காக மட்டும் கட்டப்பட்டதன்று என்பதே அதற்கு நான் சொல்லும் விடை.

இருப்புப்பாதை வருவதற்கு முன்பு இந்த வழி எப்படி இருந்தது என்பதற்கு ஒரு செய்தியைச் சொல்லலாம். 1897 ஜனவரியில் இலங்கையிலிருந்து பாம்பனில் வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர், ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை ஆகிய ஊர்களில் வரவேற்பைப் பெற்றுக்கொண்டு, சாலை வழியாகவே மதுரைக்கு வந்து சேர்ந்தார். அவர் ரயில் ஏறியது மதுரையில்தான். ஐந்தே ஆண்டுகளில், 1902இல், மதுரையிலிருந்து மண்டபம் வரை மீட்டர் பாதை போடப்பட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், தூத்துக்குடி வழியாக நடந்துகொண்டிருந்த இலங்கைப் பயணம் இந்தப் பக்கம் திரும்பிற்று. பின்னர் திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக ஒரு பாதை வந்து சேர, மானாமதுரை சந்திப்பாயிற்று. விருதுநகர்ப் பாதை கடைசியாக 1960களில் வந்தது.

சென்னை எழும்பூரில் ஒரே பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு, தனுஷ்கோடி வரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னார் வரை கப்பலிலும், பிறகு மறுபடியும் ரயிலில் கொழும்பு வரையிலும் போகக்கூடிய காலம் ஒன்று இருந்தது. துரைமார்களும் வணிகர்களும் முதல் வகுப்பில் போனதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். இந்த நடைமேடைகளைக் கடந்து போனவர்களில் பெரும்பாலோர், இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைப்புத் தேடிப் போன நம் கிராமத்துக் கூலிமக்கள். மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்காகத் தங்கவைக்கப்பட்டு, அதன் பிறகே அவர்கள் கடலைக் கடந்தார்கள். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும், தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புவதென்று உடன்பாடு செய்துகொண்ட பின்னர், அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதே பாதையில், தகரப் பெட்டிகளோடு திரும்பி வந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில்தான் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பாம்பன் பாலம் 46 நாட்களில் செப்பனிடப்பட்டு ராமேசுவரம் வரை வண்டி ஓடியது. தனுஷ்கோடிக்கு மட்டும் பிறகு ஓடவே இல்லை. கப்பல் நின்று எத்தனையோ காலமாகியும், கப்பலுக்கு ஆளேற்றிச் சென்ற அந்தச் சென்னை வண்டிக்கு ‘போட் மெயில்’ என்ற பெயர் இன்னும் நிற்கிறது. நம் மக்கள் பெயரை அத்தனை எளிதில் விட்டுவிடுவதில்லை.

என் தாய்வழி ஊர் நரிக்குடிப் பக்கம். மதுரையிலிருந்து வந்து மானாமதுரையில் இறங்கி, விருதுநகர் செல்லும் வண்டிக்கு மாறுவோம். எங்கள் வண்டி தாமதமானால், அந்த வண்டி போய்விடுமோ என்ற பயம் அம்மாவுக்குத் திருப்புவனத்திலேயே தொடங்கிவிடும். அதைத் தவறவிட்டால் இரவு முழுவதும் நடைமேடைதான். ஒருமுறை விருதுநகரிலிருந்து திரும்பிய வண்டியில், இதே பயத்தோடு சன்னலில் எட்டிப் பார்த்த அம்மாவிடம், விளக்கைத் தூக்கிக்கொண்டு போன, தண்டவாளத்தைத் திசைமாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் ஒருவர், “பயப்படாதீக தாயி, ஒங்க வண்டி வந்து சேராம மதுரை வண்டி கெளம்பாது” என்று சொல்லிவிட்டுப் போனார். சந்திப்பு நிலையம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பிற்காலத்தில் எந்த நூலிலும் படித்ததில்லை.

காத்திருக்கும் நேரத்தில் வேடிக்கை பார்ப்பதற்கு நிறையவே இருந்தது. அப்போது எல்லாமே ஒற்றைப் பாதை. எதிரெதிராக இரண்டு வண்டிகள் ஒரே தண்டவாளத்தில் புகுந்துவிடாமல் இருப்பதற்கு, நிலைய அதிகாரியின் அறையில் ஒவ்வொரு திசைக்கும் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அடுத்த நிலையத்தில் இருக்கும் அதன் இணைப்பெட்டியோடு மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும் அந்தப் பெட்டியிலிருந்து, இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டால் மட்டுமே, ஒரே ஒரு இரும்பு உருண்டை வெளியே வரும். அதைத் தோல் பையில் இட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் கட்டி ஓட்டுநரிடம் கொடுப்பார்கள். அந்த உருண்டை கைக்கு வராமல் அவர் வண்டியை எடுக்கக் கூடாது; அது அடுத்த நிலையத்துப் பெட்டிக்குள் விழாமல் இன்னோர் உருண்டையும் வெளிவராது. நிற்காமல் போகும் வண்டியில், ஒருவர் பழைய வளையத்தை வீசிக்கொண்டே புதிய வளையத்துக்குள் கையை நுழைத்து வாங்கிக்கொள்வதைப் பார்ப்பதற்காகவே நாங்கள் நடைமேடையின் கோடிக்கு ஓடுவோம்.

வண்டிகள் இங்கே காத்துக்கிடப்பதற்குச் சில நேரங்களில் கடலும் காரணமாக இருந்தது. பழைய பாம்பன் பாலத்தில் மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் வண்டியை விட மாட்டார்கள். அங்கே காற்று பலத்தால், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி, ஓர் இலைகூட அசையாத மானாமதுரையில், காரைக்குடிக்குப் போக வேண்டியவர்கள் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் போக்குவரத்து நின்று, 2025 ஏப்ரலில் புதிய தூக்குப் பாலம் திறக்கப்படும் வரை, ராமேசுவரத்துக்குப் புறப்பட்டவர்கள் கடலுக்கு இந்தப் பக்கமே இறங்கிப் பேருந்தில் ஏற வேண்டியிருந்தது.

அகலப்பாதை வந்ததன் நன்மையை நான் மறுக்கவில்லை. ஒரு மீட்டர் அகலமுள்ள பாதையைக் கொண்டு நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒட்ட முடியாது. ஆனால் நான்கு கைகளும் ஒரே நேரத்தில் அகலமாகவில்லை. மதுரை, ராமேசுவரம் பாதை 2007இல் அகலமாயிற்று. விருதுநகர்ப் பாதைக்கு 2013 ஆயிற்று. அகலப்பாதையில் வந்து இறங்கியவர், விருதுநகர்ப் பாதையிலுள்ள தம் ஊருக்கு வண்டி மாறிப் போக வழியில்லாமல் பேருந்து நிலையத்துக்கு நடந்த ஆண்டுகள் அவை. பேருந்துக்குப் பழகிய கால் மறுபடி ரயிலுக்குத் திரும்புவதற்கு நெடுநாள் பிடிக்கும்.

இன்று சென்னையிலிருந்து வரும் சிலம்பு விரைவு வண்டி இவ்வழியே செங்கோட்டை வரை போகிறது. சேது விரைவு வண்டியும் போட் மெயிலும் ராமேசுவரத்துக்குப் போகின்றன. இவையெல்லாம் நெடுந்தூர வண்டிகள். அவற்றின் நேரம் புறப்படும் ஊரையும் போய்ச்சேரும் ஊரையும் பார்த்து வகுக்கப்படுகிறது. இடையில் திருச்சுழிக்காரரோ கல்லல்காரரோ எந்த வண்டியில் இறங்கி எந்த வண்டியில் ஏறுவார் என்பது அந்தக் கணக்கில் பின்னுக்குப் போய்விடுகிறது. ஒரு நிலையத்தின் வருமானத்தை அங்கே விற்ற சீட்டைக் கொண்டு அளக்கிறார்கள். வண்டி மாறுபவரோ சீட்டை வேறோர் ஊரில் வாங்கியிருப்பார். நிலையத்தின் வாசலைக்கூடத் தாண்ட மாட்டார். நடைமேடை முழுக்க அவர்தான் நிற்கிறார் என்றாலும், பேரேட்டில் அவர் இல்லை. இணைப்பு வண்டிகளுக்கிடையே இருபது நிமிட இடைவெளி ஒழுங்காக அமைந்துவிட்டால் கிராமத்துப் பயணிக்கு ஒரு நாள் மிச்சமாகும் என்பதை, வண்டி மாறியே வளர்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

சென்ற மாதம் மதுரைக்குத் திரும்பும்போது என் எதிர் இருக்கையில் ஓர் இளைஞர், பழைய வேட்டியில் சுற்றிய கடம் ஒன்றை மடியில் வைத்திருந்தார். மேலே வைக்க இடமிருந்தும் வைக்கவில்லை. குயவர் வீட்டில் ஏழெட்டுக் கடங்களைத் தட்டிப் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்ததாகவும், மதுரையில் இறங்கி வேறு வண்டிக்கு மாறித் திருநெல்வேலிக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார். ராஜகம்பீரம் தாண்டி வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியபோது, அவருடைய விரல் மோதிரம் பட்டு, துணிக்குள்ளிருந்து ஒற்றை நாதம் எழுந்தது. பெட்டியில் இருந்தவர்கள் அனைவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவரோ கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “திருநெல்வேலி வண்டியைப் பிடிச்சுரலாமா சார்?” என்று என்னைக் கேட்டார்.

நன்றி, வணக்கம்.