மகரந்தக் காலத்துக் களைப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் பிற்பகுதி தொடங்கினால் ரொறன்ரோவில் பேர்ச் மரம் மகரந்தத்தைக் கொட்டத் தொடங்கிவிடும். ஓக் அதையொட்டி வரும், ஜூனில் புல். தும்மலுக்கும் கண்கடிக்கும் உடனே மருந்து தேடுகிற நாங்கள், இதே காலத்தில் வருகிற களைப்பை மட்டும் வேலைப்பளு, வயது என்று விட்டுவிடுகிறோம்.

அந்தக் களைப்பு பெரும்பாலும் இரவிலேயே தொடங்குகிறது. மகரந்தத்தால் மூக்கின் உட்சவ்வு வீங்குகிறது, படுத்தால் வீக்கம் இன்னும் கூடும். வாயால் மூச்சு விடுகிறோம், நித்திரை துண்டு துண்டாகக் குலைகிறது. விழித்தது கூட நினைவில் இருக்காது. எட்டு மணித்தியாலம் படுத்தும் உடம்பு அடித்துப் போட்டதுபோல இருந்து, நாக்கும் தொண்டையும் காய்ந்திருந்தால் முதலில் மூக்கைச் சந்தேகியுங்கள்.

அடுத்த காரணம் தும்மலுக்கு நாம் விழுங்கும் ஒவ்வாமைக் குளிசை. பெனட்ரிலில் உள்ள டைபென்ஹைட்ரமினும், ஊரிலிருந்து பையில் வருகிற பிரிற்றனில் உள்ள குளோர்பெனிரமினும் மூளைக்குள் போய் மந்தத்தை உண்டாக்கும். இரவில் போட்டாலும் மறுநாள் காலை வாகனம் ஓட்டும்போது அதன் மிச்சம் இருக்கும். இப்படியான பழைய வகைக்குப் பதிலாகப் புதிய வகையையே முதலில் பாவிக்கும்படி கனடிய ஒவ்வாமை, நோயெதிர்ப்பு மருத்துவச் சங்கம் 2019இல் சொல்லியிருக்கிறது. புதிய வகையில் லோராடடின், பெக்ஸோபெனடின் இரண்டும் தூக்கத்தைக் குறைவாகவே தரும். செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும், அதை இரவில் எடுக்கலாம். பெக்ஸோபெனடினைத் தோடம்பழ, அப்பிள் சாற்றோடு விழுங்கினால் உடம்பில் சேரும் அளவு குறைந்துவிடும். தண்ணீர்தான் சரி.

ஆனால் மூக்கடைப்புக்குக் குளிசையை விட புளுட்டிகசோன் போன்ற ஸ்டீரொயிட் மூக்கு ஸ்பிரேதான் நன்றாக வேலை செய்யும். "அடித்துப் பார்த்தேன், சரிவரவில்லை" என்பவர்கள் பெரும்பாலும் இரண்டு நாளில் நிறுத்தியவர்கள். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் செல்லும், ஒவ்வொரு நாளும் அடிக்க வேண்டும். அடிக்கும் முறையும் முக்கியம். போத்தலைக் குலுக்குங்கள். தலையைப் பின்னால் சாய்க்காமல் சற்றுக் குனியுங்கள். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. அப்படிப் பிடித்தால் முனை நடுத்தண்டை விட்டு வெளிப்பக்கம், காதை நோக்கித் திரும்பும். நடுத்தண்டில் அடித்தால் மூக்கால் இரத்தம் கசியும். மெதுவாக உறிஞ்சுங்கள். தொண்டையில் மருந்து கசந்தால் பலமாக இழுத்துவிட்டீர்கள், மருந்து மூக்கில் தங்கவில்லை.

உடனே மூக்கைத் திறக்கிற சைலோமெட்டசோலின் ஸ்பிரே வேறு. மூன்று நாளுக்கு மேல் போனால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பலாம்.

மூக்குக் கழுவுவது நல்லது, ஆனால் ஸ்பிரேக்கு முன்னர். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் 240 மில்லிலீற்றர், அயடின் சேராத உப்பு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு, ஒரு சிட்டிகை அப்பச்சோடா. குழாய்த் தண்ணீரை அப்படியே விடவே வேண்டாம். அரிதாக மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் போகும்.

மகரந்தம் தலைமயிரில் ஒட்டித் தலையணைக்கு வரும், ஆகவே குளிப்பைக் காலையிலிருந்து இரவுக்கு மாற்றுங்கள். வெளியே போட்ட உடுப்பைப் படுக்கையறையில் தொங்கவிடாதீர்கள். வறண்ட, காற்றடிக்கிற நாளில் யன்னலைப் பூட்டுங்கள். உடுப்பை வெளியே காயப்போடும் பழக்கம் எங்களுக்கு உண்டு, மகரந்தக் காலத்தில் மட்டும் அதை நிறுத்திவையுங்கள்.

காய்ச்சல் இருந்தால் அது மகரந்தத்தால் வந்ததல்ல. நெஞ்சு இழுத்தாலோ, இரவில் இருமி எழும்பினாலோ ஆஸ்துமாவாக இருக்கலாம், தள்ளிப்போடாமல் வைத்தியரிடம் போங்கள். மூக்குத் திறந்து பல வாரமாகியும் களைப்பு நிற்காவிட்டால், இரும்புச்சத்தையும் தைரொயிட்டையும் பார்க்க இரத்தப் பரிசோதனை எழுதித்தரும்படி குடும்ப வைத்தியரைக் கேளுங்கள். குறட்டை பலமாக இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.